பல்லை அடைக்கும் முன் அடியில் என்ன வைக்கிறோம்?

பெங்களூரு அல்சூரில் நான் பல் மருத்துவம் பார்க்கும் அறைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். சொத்தைப் பல்லோடு வருகிறவர் நாற்காலியில் உட்காருவதற்குள் கேட்பது, "இன்னைக்கே அடைச்சிருவீங்களா?" என்பதுதான். சொத்தையைச் சுரண்டி எடுப்பது, குழியில் சிமென்ட்டை வைத்து அடைப்பது என இரண்டே வேலைகளாகத்தான் பெரும்பாலோர் இதை நினைத்திருக்கிறார்கள். ஆழமான சொத்தையில் இந்த இரண்டுக்கும் இடையில் இன்னொரு வேலை உண்டு. குழியின் தரையில், நரம்புக்கு மிக அருகில், பலவீனமாகிப்போன பல்லின் மேல் ஒரு மருந்தையோ ஒரு சிமென்ட்டையோ மெல்லிய படலமாக வைக்கிறோம். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்த வேலை நோயாளியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்த வருடமும் அந்தப் பல் உயிரோடு இருக்குமா, அல்லது வேர் சிகிச்சைக்கு (ரூட் கெனால்) வந்து நிற்குமா என்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், அந்தப் பொருள்கள் என்னென்ன, அவை உள்ளே என்ன செய்கின்றன என்பதை மருத்துவம் படிக்காதவருக்கும் புரியும்படி எழுத முயல்கிறேன்.

முதலில் பல்லின் அமைப்பைப் பார்க்கலாம். வெளியே தெரியும் வெள்ளைப் பகுதி எனாமல்; எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமான அதுதான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். அதற்கு உள்ளே இருப்பது டென்டின். அதில் சுமார் 70 விழுக்காடு கனிமம், 20 விழுக்காடு பெரும்பாலும் கொலாஜென் என்னும் நார், மீதி தண்ணீர். கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட்டைப் போல, நார்தான் கம்பி, கனிமம்தான் அதைச் சூழ்ந்த கலவை என்று வைத்துக்கொள்ளலாம். டென்டினுக்கும் உள்ளே, பல்லின் நடுவில், நரம்பும் ரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழ் இருக்கிறது. டென்டின் கெட்டியாகத் தோன்றினாலும் அது முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களால் ஆனது; பற்கூழுக்கு அருகில் ஒரு சதுர மில்லிமீட்டரில் 45,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் உண்டு. சொத்தைப் பல்லில் ஐஸ்கிரீம் பட்டால் தலை வரை விறுக்கென்று கூச்சம் ஏறுவது இந்தக் குழாய்களில் உள்ள நீர் அசைவதால்தான்.

நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப் பண்டங்களையும் பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் அமிலமாக்குகின்றன. வாயின் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கனிமம் கரையத் தொடங்குகிறது; டென்டினோ 6.2 அளவிலேயே கரையத் தொடங்கிவிடும். எச்சில் அமிலத்தைத் தணித்து, கரைந்த கனிமத்தை மெல்ல மெல்லத் திரும்பப் படியவைக்கும். கட்டட வேலை நடக்கும் இடங்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிஸ்கட்டும் சர்க்கரை தூக்கலான டீயும் எடுத்துக்கொள்கிறவருக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊரில் "பல்லில் பூச்சி" என்கிறோம். என்னிடம் வரும் கன்னடக்காரர்கள் "ஹுளுகு ஹல்லு" என்கிறார்கள். நம் பல் அவர்களுக்கு ஹல்லு, நம் பால் ஹாலு, நம் புழு ஹுளு என்று கணக்குப் போட்டால், இரண்டு மொழிக்காரர்களும் பல்லுக்குள் ஒரே புழுவைத்தான் கண்டிருக்கிறார்கள் என்பது விளங்கும். அப்படி ஒரு புழுவும் இல்லை. ஆனால் புழு என்று நம்புகிறவர், அதைத் துளிகூட விடாமல் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்றும் நம்புகிறார். சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதி பல் மருத்துவர்களும் ஏறக்குறைய அப்படியே நம்பி, நல்ல டென்டின் தட்டுப்படும் வரை தோண்டினார்கள். அந்தத் தோண்டலில் நரம்பு வெளிப்பட்டு வீணான பற்களுக்குக் கணக்கில்லை.

இப்போது அப்படிச் செய்வதில்லை. காரணம், சொத்தையான டென்டின் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பது 1970-களில் ஜப்பானில் ஃபுசயாமா குழுவினர் செய்த ஆய்வுகளால் தெளிவானது. மேல் அடுக்கு கிருமிகள் நிறைந்தது. அதில் கனிமமும் போய், நாரும் சிதைந்திருக்கும். கீழ் அடுக்கிலோ அமிலம் கனிமத்தை மட்டுமே கரைத்திருக்கும், நார் அறுபடாமல் இருக்கும். கம்பி நல்ல நிலையில் இருந்தால் கலவையை மறுபடி ஏற்றலாம் அல்லவா? அந்தக் கீழ் அடுக்குதான் பலவீனமான பல். திரும்பக் கட்டியெழுப்ப முடிகிற பகுதியும் அதுவே. 2016-இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரையும், ஆழமான சொத்தையில் ஓரங்களை மட்டும் கெட்டியான டென்டின் வரை சுத்தம் செய்துவிட்டு, நரம்புக்கு மேலே மென்மையான டென்டினைக் கொஞ்சம் விட்டுவைக்கலாம் என்றுதான் சொல்கிறது.

இதைக் கை எப்படி அறிகிறது என்று கேட்பார்கள். சின்னக் கரண்டி போன்ற ஒரு கருவியை வைத்து மெல்ல இழுத்தால், மேல் அடுக்கு ஈரமாக, ஊறிய ரொட்டியைப் போலக் கொத்தாக வந்துவிடும். அதற்கடுத்து வருவது பதப்படுத்திய தோலைப் போல இருக்கும். அழுத்தினால் அமுங்காது, இழுத்தால் மெல்லிய சுருளாக மட்டும் பெயரும். அங்கே நரம்பு அருகில் இருந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். இந்த இடத்தில் கையை நிறுத்துவதுதான் எங்கள் தொழிலில் கற்றுக்கொள்ளக் கடினமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன் மேல் வைக்கிற பொருள்களில் பழையது கிராம்பு எண்ணெய் கலந்த துத்தநாக ஆக்சைடு. பல் மருத்துவரின் அறைக்கு என்று ஒரு வாசனை இருக்கிறதே, அது பெரும்பாலும் இதனுடையதுதான். வலியைத் தணிக்கும், தற்காலிகமாக அடைக்கும்; பல்லைக் கட்டியெழுப்பாது. மேலே பல் நிறத்துப் பிசின் அடைப்பான காம்போசிட்டை வைப்பதானால், கிராம்பு எண்ணெய் அது இறுகுவதைக் கெடுத்துவிடும் என்பதால் நிரந்தர அடைப்புக்கு அடியில் இதை வைப்பது குறைந்துவிட்டது.

அடுத்தது நமக்கு வீட்டுப் பழக்கமான பொருள்: கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பு. 1920-இல் ஜெர்மனியில் ஹெர்மன் என்பவர் இதைப் பல் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். இதன் பி.எச். சுமார் 12.5. இவ்வளவு காரத்தில் கிருமிகள் பிழைப்பது அரிது. இன்னொன்றும் நடக்கிறது: சுண்ணாம்பு டென்டினை லேசாகக் கரைத்து, அதற்குள் முன்பே புதைந்துகிடக்கும் வளர்ச்சிப் புரதங்களை விடுவிக்கிறது. அவை பற்கூழில் உள்ள செல்களைத் தட்டி எழுப்ப, அவை தம் பக்கத்திலிருந்து புது டென்டினைக் கட்டத் தொடங்குகின்றன. புது டென்டினைக் கட்டுவது பல்தான். மருந்து அதைத் தூண்டுவதோடு சரி. நாளைக்கு ஓரிரு மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற வேகத்தில்தான் அது வளர்கிறது என்பதால் மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும்.

ஆனால் சுண்ணாம்புக்குக் குறைகள் உண்டு. பல்லோடு ஒட்டாது, வலு கிடையாது, மேலே உள்ள அடைப்பின் ஓரத்தில் கசிவு ஏற்பட்டால் சில வருடங்களில் கரைந்து காணாமல் போய்விடும். அது தூண்டிவிட்டு நரம்புக்கு மேல் உருவாகும் புது டென்டின் அடுக்கிலும் (இதை டென்டின் பாலம் என்போம்) சிறு சிறு பொத்தல்கள் விழுவதுண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் வெற்றிலைச் சுண்ணாம்பைச் சொத்தைக்குள் வைத்துப் பார்க்க வேண்டாம். கன்னத்தையும் ஈறையும் வேகவைத்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, கிளாஸ் அயனோமர் சிமென்ட். லண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. ஃபுளோரைடு கலந்த கண்ணாடித் தூளை பாலிஅக்ரிலிக் அமிலத்தோடு குழைத்தால் கிடைக்கும் இந்தச் சிமென்ட், பல்லில் உள்ள கால்சியத்தோடு வேதிப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்கிறது. தனியாகப் பசை தேவையில்லை. காகித அட்டை மேல் பிளாஸ்டிக் கரண்டியால் அரை நிமிடத்துக்குள் குழைத்து எடுக்கும்போது அது பளபளவென்று மின்ன வேண்டும். அந்த மினுமினுப்புதான் பல்லோடு பிணைய வேண்டிய அமிலம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். மினுமினுப்பு மங்கிவிட்டால் அதைத் தூர எறிந்துவிட்டுப் புதிதாகக் குழைக்க வேண்டும். விலை பார்த்து அதையே குழியில் திணித்தால் சில வாரங்களில் சிமென்ட் அப்படியே கழன்று வரும்.

கிளாஸ் அயனோமர் ஃபுளோரைடை மெல்ல வெளிவிடுகிறது. அடியில் விட்டுவைத்த மென்மையான டென்டினுக்குள் அந்த ஃபுளோரைடும் கண்ணாடியிலிருந்து வரும் பிற அயனிகளும் இறங்கி, கனிமம் திரும்பப் படிய உதவுகின்றன. வெளிவிட்ட ஃபுளோரைடைப் பற்பசையிலிருந்து ஓரளவு திரும்ப ஏற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். இறுகத் தொடங்கும் நேரத்தில் எச்சில் பட்டால் மேற்பரப்பு கெட்டுவிடும் என்பதால் மேலே வாசலினோ வார்னிஷோ தடவி விடுவோம். முழு வலு வர ஒரு நாளாவது ஆகும். கடைவாயில் நேரடியாகக் கடிபடும் இடத்துக்கு இதன் வலு போதாது. அங்கே அடியில் இதையும் மேலே காம்போசிட்டையும் வைத்து இரண்டு அடுக்காக அடைக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கிளாஸ் அயனோமரைச் சேர்த்தது.

சென்ற வருடம் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கட்டட வேலை செய்யும் ஒரு கொத்தனார், கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆழமான குழியோடு வந்தார். அந்தப் பக்கத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது அவர் முன்பற்களின் பழுப்புக் கோடுகளிலேயே தெரிந்தது. அளவோடு கிடைத்தால் எனாமலை உறுதியாக்கும் அதே ஃபுளோரைடு, பல் உருவாகும் வயதில் அளவு மீறிக் குடிநீரில் வந்தால் எனாமலைக் கெடுக்கிறது. அவருக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம் வந்தது. தண்ணீரை விழுங்கியதும் போய்விட்டது. இரவில் வலி இல்லை. எக்ஸ்ரேயில் சொத்தைக்கும் நரம்புக்கும் இடையே மெல்லிய கோடாக டென்டின் மீந்திருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டி, மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்தபின், "அடியில் ஒரு சிமென்ட் வைக்கிறேன் ஐயா, நீங்கள் கலக்கிற சிமென்ட்டுக்குச் சொந்தக்காரன்" என்றேன். ரப்பர் திரைக்குப் பின்னாலிருந்து அவர் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

நான் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. ஜோசப் ஆஸ்ப்டின் என்ற ஆங்கிலேயக் கொத்தனார் 1824-இல் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமென்ட்தான், அடியில் வைக்கும் பொருள்களில் நான்காவதான இந்தச் சிமென்ட் குடும்பத்தின் மூதாதை. 1993-இல் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தோராபினெஜாத் குழுவினர், சுத்திகரித்த அந்த வகைச் சிமென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு பிஸ்மத் ஆக்சைடைச் சேர்த்து எம்.டி.ஏ. என்ற பொருளை அறிமுகப்படுத்தினார்கள். பிஸ்மத் எக்ஸ்ரேயில் தெரிவதற்காக. ஈரத்தில் இறுகுவது அதன் பெரிய நன்மை, ஏனெனில் பல்லுக்குள் ஈரத்தை அடியோடு ஒழிக்க முடியாது. நரம்பு துளி வெளிப்பட்டுவிட்ட இடத்திலும் இதை நேரடியாக வைக்கலாம். சுண்ணாம்பைவிடக் கெட்டியான, பொத்தல் குறைந்த பாலம் உருவாகிறது. ஆனால் இறுக ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும், பல்லைச் சாம்பல் நிறமாக்கும், ஈர மணலைப் போல உதிர்வதால் குழிக்குள் வைப்பதே ஒரு வித்தை.

இந்தத் தொல்லைகளைக் குறைத்து, அடுத்த பத்தாண்டின் முடிவில் பிரான்சின் செப்டோடான்ட் நிறுவனம் பயோடென்டினைக் கொண்டுவந்தது. ட்ரைகால்சியம் சிலிக்கேட் என்ற, சிமென்ட்டின் முதன்மைச் சேர்மமேதான் இதிலும். பிஸ்மத்துக்குப் பதில் ஸிர்கோனியம் ஆக்சைடு, சீக்கிரம் இறுகுவதற்குக் கால்சியம் குளோரைடு. தூள் உள்ள குப்பியில் ஐந்து சொட்டுத் திரவத்தை விட்டு இயந்திரத்தில் 30 நொடி குலுக்கினால் வெண்ணெய் போன்ற கலவை கிடைக்கும். பன்னிரண்டு நிமிடத்தில் இறுகும். கொத்தனாருக்கு இதைத்தான் வைத்தேன்.

அந்தப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தபின் ரப்பர் திரையை எடுத்ததும் அவர் கேட்ட கேள்வி, எங்கள் கல்லூரித் தேர்வில் கேட்டிருக்க வேண்டியது. "சிமென்ட் தண்ணி கையை அரிச்சுப் புண்ணாக்கிடும் டாக்டரம்மா. நரம்பு மேல வைக்கிறீங்களே, அதை அரிக்காதா?"

அரிக்கும். அளவோடு அரிப்பதுதான் அதன் வேலையே. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது துணைப் பொருளாக வெளிவருவது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது மேலே சொன்ன அதே சுண்ணாம்பு. கொத்தனாரின் விரலைப் புண்ணாக்குவது அதுதான். பல்லுக்குள் கிருமியைக் கொன்று, பற்கூழைத் தட்டி எழுப்புவதும் அதுதான். பழைய சுண்ணாம்பு மருந்து தன்னையே கரைத்துக்கொண்டு இதைச் செய்தது. சிமென்ட்டோ சுண்ணாம்பை வெளிவிட்டபடியே தான் இறுகி நிற்கிறது. நாள் முழுக்கக் கையில் படும் கலவையையும், நுண்குழாய்களுக்கு மேல் சில நிமிடத்தில் இறுகிவிடும் கலவையையும் ஒன்றாக வைக்க முடியாது என்று விளக்கினேன். "அப்ப க்யூரிங்?" என்றார், சிமென்ட் இறுகும்வரை தண்ணீர் விட்டு ஈரம் காப்பதை நினைத்து. அதற்கு வேண்டிய ஈரம் டென்டினுக்குள்ளிருந்தே வருகிறது என்றேன்.

எல்லாக் குழிக்கும் இவை வேண்டியதில்லை. நரம்புக்கு மேல் 2 மில்லிமீட்டர் டென்டின் மீந்திருந்தாலே அது போதுமான காப்பு. அங்கே நேரடியாகப் பசை தடவி அடைத்துவிடலாம். எவ்வளவு உயர்ந்த பொருளை அடியில் வைத்தாலும் மேல் அடைப்பின் ஓரம் கசிந்தால் எல்லாம் வீண். ஓதம் ஏறும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கதைதான். பயோடென்டின் மற்றவற்றைவிடப் பல மடங்கு விலை என்பதால், தேவையில்லாத ஆழமற்ற குழிக்கு அதைப் பரிந்துரைத்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடைப்பே போட முடியாத நிலையில் உள்ள குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் 38 விழுக்காடு சில்வர் டையமின் ஃபுளோரைடு என்ற திரவம் இருக்கிறது. வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு மென்மையான டென்டினை இறுகச் செய்யும். தொட்டுத் தடவினால் போதும், ஊசி இல்லை, துளைக்கும் கருவி இல்லை. சொத்தைப் பகுதி கன்னங்கரேலென்று ஆகிவிடும் என்பதை மட்டும் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் யாரும் மன்னிப்பதில்லை. பாலின் கேசின் புரதத்திலிருந்து மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய பசை ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. குழி விழாத வெள்ளைப் புள்ளிகளுக்கு அது உதவலாம், குழி விழுந்தபின் பயனில்லை. பால் புரதம் ஒவ்வாதவர்கள் தொடவே கூடாது.

அடி மருந்து எதுவும் பலிக்காத பற்களும் உண்டு. தூண்டுதல் ஏதும் இல்லாமல் தானாக வருகிற வலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, சூடு பட்டபின் நீண்ட நேரம் விண்விண்ணென்று நிற்கும் வலி, ஈறில் சீழ்க் கட்டி ஆகியவை இருந்தால் பற்கூழ் திரும்ப முடியாத நிலைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம்; அப்போது பெரும்பாலும் வேர் சிகிச்சைதான். அதனால் அடைப்பதற்கு முன்பே மருத்துவர் குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அடைத்தபின் சில நாள் லேசான கூச்சம் இருப்பது இயல்பு. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும், கூடினால் காத்திருக்காமல் திரும்பிப் போக வேண்டும்.

கொத்தனாரின் குழி முழுவதையும் அன்றைக்குப் பயோடென்டினாலேயே நிரப்பி அனுப்பியிருந்தேன். ஆறு மாதம் வரை அதையே தற்காலிக அடைப்பாக விட்டுவைக்கலாம். நாற்பது நாள் கழித்து வந்தார். குளிர்ந்த பஞ்சை வைத்ததும் கையைத் தூக்கினார், எடுத்ததும் இறக்கினார். பல் உயிரோடு இருக்கிறது. மேலே 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சிமென்ட்டைச் சீவி எடுத்துவிட்டு, அடியில் உள்ளதை அப்படியே விட்டு, காம்போசிட்டால் மூடினேன். ஆறாம் மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கருமை இல்லை. பயோடென்டினின் நிழல் டென்டினின் நிழலோடு கலந்துவிடும் என்பதால், சிமென்ட் எங்கே முடிகிறது, அவருடைய சொந்தப் பல் எங்கே தொடங்குகிறது என்று அவருக்கு விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. மறுபக்கக் கடைவாயில் எனாமலில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் இருந்தது. அதற்கு ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, அன்று இரவு வரை பல் துலக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.